புளியந்தீவின் பழைய தெருவிளக்குகள்

(மன்றத்தின் ஆண்டு நிறைவு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)



இன்று மாலை சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று செயலாளர் எம்மைக் கேட்டார். எதைப் பற்றிப் பேசலாம் என்றோம். “உங்கள் விருப்பம் ஐயா” என்றார். தெருவிளக்கைப் பற்றிப் பேசுகிறோம் என்றோம். அவர் சற்றுநேரம் எம்மையே பார்த்துவிட்டு, “சமயத்தைப் பற்றியோ தமிழைப் பற்றியோ பேசினால் சபைக்கு நல்லாயிருக்குமே” என்றார். சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் பேசுதற்கு எம்மினும் வல்லவர் இம்மேடையிலே பலர் உளர். தெருவிளக்கைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. அதனாலேயே அதனை எடுத்துக்கொண்டோம், பொறுத்தருளுக.

புளியந்தீவிலே ஒரு குறுக்குத் தெருவின் திருப்பத்தில், நாம் சிறுவராயிருந்த நாள் முதலாக ஒரு வார்ப்பிரும்புக் கம்பம் நின்றது. அடியிலே எட்டுப் பட்டையாகப் பருத்து, மேலே போகப் போக மெலிந்து, உச்சியிலே நாற்புறமும் கண்ணாடி பதிக்கும் கூடொன்றைத் தாங்கி நின்றது. கூட்டுக்குச் சற்றுக் கீழே இருபுறமும் கைபோல நீண்ட ஒரு குறுக்குச் சட்டம். அது அழகுக்காக வைத்தது என்றே பலகாலம் நினைத்திருந்தோம். விளக்கேற்ற வருபவர் தமது ஏணியைச் சார்த்துவதற்காக வைத்தது என்று பின்னரே அறிந்தோம். அதிலே எண்ணெய் விளக்கு எரிந்ததை நாம் கண்டதில்லை. எமது காலத்தில் யாரோ அதற்குள்ளே ஒரு மின்குமிழை மாட்டியிருந்தனர். அதுவும் கெட்டபின் காகம் கூடு கட்டிற்று. பிள்ளைகள் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடும்போது கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணுவது அந்தக் கம்பத்திற்றான்.

சென்ற ஆண்டு வடிகான் வேலைக்கு வந்தோர் அதனை அகற்றினர். இரண்டு நாள் தெருவோரத்தில் கிடந்தது. மூன்றாம் நாள் காணோம். மன்றத்து இளைஞர் மூவர் தேடிச்சென்று, பழைய இரும்பு வாங்கும் ஓரிடத்திலே கண்டுபிடித்தனர். அதற்குள் சம்மட்டியால் அடித்துத் துண்டாக்கிவிட்டார்கள். கூடு போய்விட்டது. அடிப்பாகத்தை மட்டும் நிறை போட்டு விலைகொடுத்து வாங்கிவந்தோம். அது இப்போது எமது வாசிகசாலையின் பின் விறாந்தையிற் கிடக்கிறது.

துண்டுகளை ஒட்டலாமா என்று வெல்டிங் வேலை தெரிந்த அன்பர் ஒருவரைக் கேட்டோம். வார்ப்பிரும்பு உருக்குப் போன்றதன்று. அடித்தால் வளைந்து கொடாது, உடையும். ஒட்டுவதானால் முதலில் முழுவதையும் சூடேற்றி, நிக்கல் கலந்த குச்சியினாலே சிறுகச் சிறுக ஒட்டி, மெல்ல மெல்ல ஆறவிடவேண்டும். அவசரப்பட்டால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வெடித்துவிடும் என்றார். “நிக்கும்போதே பார்த்திருந்தா ஒரு வேலையும் இல்லையே தம்பி” என்றும் சொன்னார். அந்த வார்த்தையை நாம் மறக்கவில்லை.

எவரையும் குறைகூறுதற்காக இதனைச் சொல்லவில்லை. அகற்றியவருக்கு அது ஒரு தடங்கல். விற்றவருக்கு அது நிறை. எமக்கோவென்றால், நின்ற காலமெல்லாம் அது கண்ணிலேயே படவில்லை. அதன் உயரம் எவ்வளவென்று கேட்டால் எம்மில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஒரு புகைப்படமும் இல்லை. ஒரு திருமணப் படத்தின் மூலையிலே பாதிக் கம்பம் தெரிகிறது. அவ்வளவுதான்.

தெருவுக்கு விளக்கு வைப்பது வெள்ளைக்காரர் எமக்குக் கற்பித்த காரியம் என்று எண்ணுவோர் உண்டு. கார்த்திகை விளக்கீட்டை நினைத்துப் பாருங்கள். அன்று மாலை படலையிலே ஒரு வாழைக்குற்றியை நட்டு, அதன் தலையிலே சிட்டி வைத்து, எண்ணெய் விட்டுத் திரி கொளுத்துகிறோம். விளக்கு வீட்டுக்குள்ளே அல்ல, தெருவைப் பார்த்தபடி நிற்கிறது. போவார் வருவாருக்கெல்லாம் அவ்வொளி பொது. 1417ஆம் ஆண்டிலே லண்டன் நகர முதல்வராயிருந்த ஹென்றி பார்ட்டன் என்பார், மாரிக்கால இரவுகளில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசலிலே லாந்தர் தூக்கவேண்டுமென்று ஆணையிட்டதாக அந்நகர வரலாறு கூறும். அங்கே ஆணையிட்டுச் செய்வித்ததை இங்கே நமது பாட்டிமார் ஆணையின்றியே செய்து வந்தனர். ஆண்டுக்கு ஒருநாள்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். மற்றை நாட்களிலே சூள் கொளுத்திக்கொண்டுதான் நடந்தோம்.

1807ஆம் ஆண்டு லண்டனிலே பால் மால் என்னும் வீதியில் நிலக்கரி வாயுவினால் விளக்கெரித்துக் காட்டினார்கள். கல்கத்தாவின் வீதிகளுக்கு 1857இல் வாயு விளக்கு வந்தது. பெங்களூரிலே 1905 ஆகஸ்ட் 5ஆம் நாள் மின்விளக்கே எரிந்தது. சிவசமுத்திர நீர்வீழ்ச்சியின் மின்சாரம் அது. எமது போன்ற சிறு பட்டினங்களுக்கு வாயுவும் இல்லை, மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய்தான். மாலையிலே ஓர் ஆள் தோளிலே ஏணியும் கையிலே எண்ணெய்ப் பேணியுமாக வருவார். ஏணியைச் சார்த்தி ஏறிச் சிமினியைக் கழற்றித் துடைப்பார், திரியின் கரியை வெட்டுவார், எண்ணெய் வார்ப்பார், கொளுத்துவார், இறங்கி அடுத்த கம்பத்துக்குப் போவார். விடியுமுன் மறுபடி வந்து அணைக்கவேண்டும். மழைக்காலத்திலே இது எவ்வளவு பாடு என்று ஏணியில் ஏறியவருக்கே தெரியும். இவ்வூர்த் தெருக்களுக்கு எழுதப்பட்ட வரலாற்றிலே கச்சேரி ஏஜண்டர்மாரின் பெயர்கள் உண்டு. விளக்கேற்றியவர் பெயர் ஒன்றேனும் இல்லை.

இன்னுமொன்று. நிலாக்காலத்திலே தெருவிளக்கு ஏற்றாமல் விட்டு எண்ணெயை மிச்சம் பிடிப்பது அந்நாளில் உலகெங்கும் பட்டின சபைகள் பலவற்றின் வழக்கமாயிருந்தது. பஞ்சாங்கத்தைப் பார்த்தே விளக்கேற்றும் நாட்களைக் குறித்தார்கள். இது கஞ்சத்தனம் என்று சிரிக்கலாம். நமது வாவிக்கரையில் நின்று யோசித்தால் சிரிப்பு வராது. ஏனென்று சொல்லுகிறோம்.

மட்டக்களப்புக்குப் பாடும்மீனால் வந்த பேரை நீங்கள் அறிவீர்கள். 1848இலே சேர். ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இங்கு வந்தபோது, நிலா வெளிச்சத்திலே தோணியேறிச் சென்று, தண்ணீருக்கடியிலிருந்து எழுந்த அந்த ஒலியைக் கேட்டுப் பின்னர் தமது நூலிலே விரிவாக எழுதினார். தோணிக்காரர்கள் அது மீனின் பாட்டல்ல, ஊரியின் சத்தம் என்று அவருக்குச் சொன்னார்கள். மீனா ஊரியா என்ற வழக்கு இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை. அதை இவ்விடத்தில் தீர்க்க நாம் வரவில்லை. கேட்கும் முறையை மட்டும் கவனியுங்கள். முழுநிலா நாள், காற்றடங்கிய வேளை, கல்லடிப் பாலத்தடியிலே தோணியை நிறுத்தி, சவளைத் தண்ணீருள் இறக்கி, அதன் மறுமுனையிலே காதை வைக்கவேண்டும். இரைச்சலும் கூடாது, கண்ணைக் கூசச் செய்யும் வெளிச்சமும் கூடாது. விளக்கு அணைந்திருந்த நிலாக்கால இரவுகளிலே நமது முன்னோர் வாவியைக் கேட்டார்கள். எண்ணெயை மிச்சம் பிடித்த வழக்கம் காதுக்கும் ஒரு உபகாரம் செய்திருக்கிறது.

அந்தப் பாலமும் விளக்குக் கம்பத்தைப் போன்ற ஒரு பழைய இரும்புதான். தேசாதிபதி சேர். வில்லியம் மானிங்கின் மனைவியார் பெயரால் லேடி மானிங் பாலம் என்று 1924இல் கட்டப்பட்டது. ஒரு வாகனம் போனால் மற்றது காத்திருக்க வேண்டிய ஒடுக்கம். 2013இலே அதன் அருகிலே புதிய பாலம் திறக்கப்பட்டபோது, பழையதைக் கழற்றி விற்றிருக்கலாம். இரும்பு எவ்வளவு நிறை வந்திருக்கும்! ஆனாலும் விடப்பட்டது. மாலையிலே அதில் நடந்துபோகிறவர்களைப் பாருங்கள். பழையது நின்றதனால் புதியதற்கு ஒரு குறைவும் வரவில்லை. முகத்துவாரத்துக்கு அண்மையிலே பாலமீன்மடுவில் 1913இல் எழுந்த வெளிச்சவீடும் அவ்வாறே நிற்கிறது. இருபத்தெட்டு மீற்றர் உயரம். பெரியவை தப்பிப் பிழைக்கும். அவற்றை விற்பதற்குப் பலரின் கையொப்பம் வேண்டும். தெருமுனைக் கம்பத்தை விற்பதற்கு ஒரு சம்மட்டி போதும்.

இனி, எம்மை மறுத்துச் சொல்வாரின் வார்த்தையையும் கேட்கவேண்டும். இவ்வுரையை ஆயத்தம் செய்தபோது எமது வீட்டிலேயே அந்த மறுப்பு எழுந்தது. “மங்கல் விளக்கு வேணுமெண்டு நீங்க பேசப் போறீங்களோ? பிள்ளை ரியூசன் முடிஞ்சு ஏழரைக்கு அந்த ஒழுங்கையாலதான் வருகுது” என்றார் வீட்டுக்காரி. நாம் வாயடைத்துப் போனோம்.

இவ்வூரிலே இருட்டு என்பது கவிதை எழுதும் பொருளன்று. 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு சூறாவளி வந்து கூரைகளையும் தென்னைகளையும் மின்கம்பங்களையும் சாய்த்தபின், கிழமைக்கணக்காக இருட்டிற் கிடந்தோம். யுத்த காலத்திலே பொழுதுபட்டால் தெருவிலே ஆளில்லை. ஊரடங்கு, வீட்டுக்குள்ளேயும் விளக்கைத் தணித்துவிட்டு நாயின் குரைப்பைக் கேட்டுக்கொண்டு கிடந்த தாய்மார் இச்சபையிலே பலர் இருக்கிறீர்கள். படுவான்கரைக் கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் மிகவும் பிந்தியே வந்தது. மண்முனையிலே பாலம் வந்ததே 2014இற்றான். பின்னர் 2022இலே நாட்டின் கையிருப்பு வற்றியபோது, மார்ச் மாத முடிவிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. தெருவிளக்குகளை அணைத்துவிடும்படி அரசாங்கமே சொல்லிற்று. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் அரிக்கன் லாம்பைத் தேடியெடுத்தனர். ஊற்றுதற்கு மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான சேர். தி. முத்துசாமி ஐயர் தெருவிளக்கின் கீழிருந்து படித்தார் என்று எமது ஆசிரியர்மார் சொல்லிச் சொல்லி அடித்ததுண்டு. அவ்வாண்டு தெருவிலும் விளக்கில்லை.

ஆகையால் இருட்டை எவரும் கேட்கவில்லை. பழைய கம்பத்தைக் காப்பாற்றுதல் என்பது பழைய இருட்டைக் காப்பாற்றுதல் அன்று. வெளிச்சம் எவ்வளவு என்பது வேறு. அது எங்கே விழுகிறது, என்ன நிறம் என்பது வேறு. எண்ணெய் விளக்கின் ஒளி மஞ்சள். ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கிலே அது ஏறத்தாழ 2000. இப்போது தெருக்களுக்கு மாட்டும் வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகள் பெரும்பாலும் 4000க்கு மேல். அந்த வெள்ளையிலே நீலம் மிகுதி. நீலத்துக்குத்தான் பூச்சிகள் திரண்டு வருகின்றன; கண்ணும் அதற்குத்தான் கூசுகிறது. கண் கூசினால் விளக்கடியில் நிற்பவரைக் காணலாம், விளக்குக்கு அப்பால் நிற்பவரைக் காணமுடியாது. மதிலோரத்திலே யார் நிற்கிறார் என்பதுதானே ஏழரை மணிக்கு வருகிற பிள்ளை அறியவேண்டியது? 2200 அல்லது 2700 கெல்வினிலும் எல்.ஈ.டி. விளக்கு விற்கிறது, மின்சாரச் செலவும் பழைய குமிழின் ஒரு சிறு பங்குதான். உயரமான ஒரு பெரிய விளக்கைவிடப் பதிவான சில சிறு விளக்குகள் ஒழுங்கைக்கு நல்லவை. பழைய கம்பங்கள் பதிவானவையே. இதை வீட்டிலே விளங்கப்படுத்தினோம். “அப்ப சரி, ஆனா முதல்ல எரியட்டும்” என்று தீர்ப்பாயிற்று.

வேறு ஊர்களிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. லண்டனிலே வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை, தன் பொறுப்பிலிருந்த ஏறத்தாழ முந்நூறு வாயு விளக்குகளையும் எல்.ஈ.டி.யாக மாற்றப்போவதாக 2021இல் அறிவித்தது. அங்கே வசிப்போர் திரண்டு, கம்பம் கம்பமாக எண்ணிப் பதிவுசெய்து வாதாடினர். முடிவிலே நூற்றெழுபதுக்கு மேற்பட்டவை வாயுவிலேயே எரியும் என்று சபை இணங்கிற்று. பிராக் நகரம் 1985இலே தன் கடைசி வாயு விளக்கை அணைத்துவிட்டு, மனம் கேளாமல் 2002இலே பழைய வீதிகளில் மறுபடி ஏற்றத் தொடங்கியது. அமெரிக்காவிலே பொஸ்டனில் ஏறத்தாழ 2800 வாயு விளக்குகள் உள. பெர்லினிலோ, பழைய கூட்டை அப்படியே வைத்து அதற்குள்ளே எல்.ஈ.டி. பொருத்துகிறார்கள், இது கண்கட்டு வித்தை என்று சினப்போரும் அங்கே உண்டு. வாயுச் சுவாலையின் நிறம் போய்விட்டால் விளக்கே போயிற்று என்பது அவர்கள் கட்சி. எமக்கு அந்தச் சிக்கல் இல்லை. மண்ணெண்ணெயை மறுபடி ஊற்றச் சொல்லி எவரும் கேட்கப்போவதில்லை. பெர்லின்காரர் செய்வது எமக்குப் போதும்.

நூதனசாலையிலே வைத்தால் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். வைக்கலாம். ஆயினும் தெருவில் நில்லாத தெருவிளக்கு என்ன விளக்கு? கூத்துக் களரியிலே தீப்பந்தமும் பின்னர் பெற்றோமாக்ஸும் வெளிச்சம் தந்தன. அந்தப் பெற்றோமாக்ஸ்கள் இன்று வீடுகளிலே அலுமாரியின் மேல் இருக்கின்றன. காற்றடிக்கவும் மாண்டில் கட்டவும் தெரிந்தவர் அருகிவிட்டனர். பொருள் இருந்தும் தொழில் போய்விட்டது. கம்பத்தை நின்ற இடத்திலே எரியவைத்தால், அதைத் துடைக்க ஒரு கையும் பழகும்.

சட்டம் கைகொடுக்குமா என்று பார்த்தோம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் முதன்மையாக நோக்குவது 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களை. போர்த்துக்கீசர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் பிடித்த நமது கோட்டைக்கு அது பெருங்காவல். விளக்குக் கம்பம் அதற்கு மிக இளையது. ஆகவே தொல்பொருளார் வந்து காப்பர் என்று காத்திருத்தல் வீண். தெருவிளக்கு உள்ளூராட்சி சபையின் பொறுப்பு. 1967 முதல் எமக்கொரு மாநகர சபை இருக்கிறது. கேட்கவேண்டிய இடம் அது. கேட்குமுன் எம்மிடம் ஒரு கணக்கு இருக்கவேண்டும்.

அதனால் இரண்டு இரவுகள், இளைஞர் சிலருடன் கடதாசியும் அளவு நாடாவும் கொண்டு புளியந்தீவின் தெருக்களிலும் கோட்டைமுனைப் பக்கத்திலும் நடந்தோம். நாய்களுக்கு எமது நோக்கம் விளங்கவில்லை. எஞ்சி நிற்பவை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிட்டன. சில முழுக் கம்பங்கள். மற்றவை சுவரிலே பதித்த இரும்புக் கொம்புகள், கூடு இல்லாமல். ஒன்றிலே உடுப்புக்கொடி கட்டியிருந்தது. ஒன்றைத் தேர்தற் சுவரொட்டிகள் தடித்த உடுப்புப்போல மூடியிருந்தன. உரித்துப் பார்த்தபோது உள்ளே துரு குறைவாகவே இருந்தது. பசை காத்தது போலும்! பெரும்பாலும் கம்பம் கெடுவது மேலே அல்ல, மண்ணோடு சேரும் இடத்தில். வாவிக் காற்றின் உப்பும் தேங்கும் ஈரமும் அங்கேதான் தின்னுகின்றன. கம்பத்தைச் சுற்றிச் சீமெந்தை உயர்த்திச் சரிவாகப் பூசிவிட்டாலே பல ஆண்டு நிற்கும் என்று வெல்டிங் அன்பர் சொல்லுகிறார்.

ஒரு காரியத்தில் மட்டும் எமது ஆர்வத்துக்குக் கடிவாளம் வேண்டும். மின்சாரம் தெரியாதவர் எவரும் கம்பத்திலே கை வைக்கக்கூடாது. இரும்புக் கம்பத்துக்குள்ளே பழைய வயர் தோல் உரிந்து கிடந்தால், மாரி மழையிலே கம்பம் முழுவதும் மின்சாரம் பாயும். கண்ணைப் பொத்தி எண்ணும் பிள்ளை அதிற்றான் சாயும். ஆகவே முதலில் பழைய வயரை முற்றாக நீக்கி, புதிய வயர் இழுத்து, முறையாக நிலத்தொடுப்புச் செய்து, தகுதியுள்ள மின்னியலாளர் சோதித்தபின்னரே விளக்கு. இதற்காகும் செலவுக்கு மன்றத்தின் பணம் போதாது. அதை மாநகர சபையிடம் கேட்கிறோம். அளவுகளும் படங்களும் சேர்ந்த குறிப்பொன்றை எழுதி முடித்துவிட்டோம். அதிலே மூன்று வேண்டுதல்கள்தாம். இருப்பவற்றை அகற்றுமுன் எமக்கு ஒரு வார்த்தை சொல்லுதல். நிற்குமிடத்திலேயே மஞ்சள் ஒளியோடு எரியவிடுதல். பழைய கல்லடிப் பாலத்திலே மட்டும், முழுநிலா இரவில் சில மணிநேரம் விளக்கைத் தணித்தல். வாகனம் செல்லும் புதிய பாலத்துக்கு வேண்டிய வெளிச்சம் இருக்கட்டும். கடைசி வேண்டுதலைக் கேட்டுச் சபையிலே சிரிப்பார்களோ என்னவோ. சிரிப்பவரை ஒருநாள் தோணியிலே ஏற்றிச் செல்ல ஆயத்தமாயிருக்கிறோம்.

வரும் விளக்கீட்டு மாலைக்குள் ஒன்றையாவது ஏற்றவேண்டுமென்று எண்ணியுள்ளோம். சபையார் இணங்கினால், வாசிகசாலைக்கு மிகக் கிட்டவுள்ள சுவர்க்கொம்பு அதற்கு ஏற்றது. கூடு செய்வதற்குத் தகரவேலை தெரிந்த ஒருவர் கிடைத்துவிட்டார். ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்து அளவு கணித்திருக்கிறார். விறாந்தையிற் கிடக்கும் அடிப்பாகத்தின்மேல் புதுக் கம்பம் வார்க்க முடியுமா என்று கொழும்பிலே விசாரிக்கிறோம், விடை வரவில்லை. இப்போதைக்கு எமக்கு வேண்டியவர் இருவர்: சரிந்த கண்ணாடியை அளவாக வெட்டத் தெரிந்த ஒருவர், பதினான்கு அடி ஏணி வைத்திருக்கும் ஒருவர். கூட்டம் முடிந்ததும் பின் விறாந்தைக்கு வாருங்கள். அங்கே குமிழ் எரியவில்லை. கைவிளக்குக் கொண்டு வருக.